உமிக்குழி வெட்டியவன்

கரடியனாற்றில் ஒரு அரிசி மில், என் சொந்தக் கையால். லொறி இரண்டு. கதிரவெளிக் கரையில் மீன் வாடிக் கொட்டில். மூன்று மகள்மாருக்கும் மூன்று கல்வீடு, ஓடு போட்டு, கிணறு கட்டி. சூறாவளி மில்லின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது, திரும்பவும் போட்டேன். சண்டைக் காலத்தில் முதல் லொறி போன இடம் தெரியாது, வேறொன்று வாங்கினேன். கடல் பொங்கி வந்து வாடியைக் கழுவிக்கொண்டு போனது. அதே இடத்தில் மறுபடியும் கம்பு நட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. வங்கியில் எனக்கு ஒருவரும் கதிரை காட்டியதில்லை.

இவ்வளவையும் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. அது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, நான் அரைக் காற்சட்டையோடு திரிந்த காலத்தில் செய்தது. அதை நினைத்தால் மற்றதெல்லாம் கைக்குள் நிற்காமல் போய்விடுகிறது.

எங்கள் ஊர் வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில், தண்ணீரை ஒட்டியிருக்கிறது. எழுத்தில்தான் வாவி, ஊரில் ஆறு என்போம். விடியப்புறம் தோணிகள் இறாலோடு கரைக்கு வரும். அங்கே தராசோடு ஒரு முதலாளி காத்திருப்பார். வந்தவுடன் நிறுக்கமாட்டார். பூவரச மரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சுருட்டொன்றைப் பற்றவைப்பார். பிறகு வெற்றிலை. பிறகு இன்னொரு சுருட்டு. வெயில் ஏற ஏற இறாலின் தலை கறுக்கும். தலை கறுத்தபிறகு அவர் சொல்வதுதான் விலை. "என்னகா, இப்பிடிக் கறுத்துப்போச்சே!" என்று கவலைப்படுவதும் அவரே.

சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்குப் போன ஐஸ்பழக்காரன் ஒருவன் எங்கள் ஊர் மில்லடியில் சைக்கிளோடு சரிந்து விழுந்தான். பெட்டி உடைந்து ஐஸ் எல்லாப் பக்கமும் சிதறியது. பொறுக்க முடிந்ததைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். மில்லின் பின்பக்கம் உமி மலைபோலக் குவிந்து கிடக்கும். அதில் ஏறிக் குதிப்பதுதான் எங்கள் விளையாட்டு. அடுத்த நாள் பின்னேரம் நான் குதித்தபோது கால் சில்லிட்டது. பாம்பென்று அலறினேன். தோண்டிப் பார்த்தால் தேங்காயளவு ஐஸ்கட்டி. ஒரு இரவும் ஒரு பகலும் உமிக்குள் கிடந்தும் கரைந்து முடியவில்லை. மற்றப் பொடியன்கள் அதைப் பறித்து நக்கினார்கள். நான் நக்கவில்லை. எனக்கு முதலாளியின் சுருட்டு ஞாபகம் வந்தது.

இறாலை ஐஸோடு உமிக்குள் வைக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்தாள். சித்தப்பா, அவர் ஆற்றில் இறால் பிடிக்கிறவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐஸ உமிக்குள்ள புதைக்கப் போறானாம்! தண்ணி ஊத்தி வளர்த்தியெண்டா அடுத்த போகத்துக்கு ஐஸ்மரம் நிக்கும்டா."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் மாமரத்தடியில் குழி வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே அவருடைய தோணி கவிழ்த்துக் கிடந்தது. அக்கரையில், எழுவான்கரையிலிருந்து, அம்மாவைக் கலியாணம் முடிக்க அவர் வந்ததே அந்தத் தோணியில்தான். ஓட்டை விழுந்திருந்தாலும் திருத்தப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். அன்று அதைக் கழற்றினார். பலகைகளைத் தோளில் சுமந்து வந்து என் குழியின் நாலு பக்கமும் அடைத்துத் தந்தார். கழற்றிய ஆணிகளைக் கல்லில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மிஞ்சியவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தார்.

அடியில் முழங்கை ஆழத்துக்கு உமி. அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் டவுனிலிருந்து கொண்டுவந்த ஐஸ், ஐஸின்மேல் இறால் கூடை. மறுபடி சாக்கு, மறுபடி உமி. சுற்றிவரவும் உமி. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் கூடையைத் தந்தவர் சிரித்த அதே சித்தப்பாதான்.

"றால் கெட்டுதெண்டா உன்ட முதுகுத் தோலிலதான் எனக்குப் புதுக் கூடை."

மத்தியானம் உமியை விலக்கிக் கூடையைத் திறந்தோம். ஒரு தலைகூடக் கறுக்கவில்லை. சித்தப்பா ஒரு இறாலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். என் தலையைப் பிடித்து ஆட்டினார்.

அடுத்த நாள் முதலாளி வழக்கம்போலச் சுருட்டோடு இருந்தார். சித்தப்பா வெறுங்கையோடு போய் அவருக்கு முன்னால் குந்தினார்.

"எங்க உங்கட றால்?"

"அது மாமரத்துக்குக் கீழ நித்திரை கொள்ளுது முதலாளி. எழுப்ப மனமில்ல. நீங்க ஆறுதலா ரெண்டு சுருட்டக் குடிச்சிட்டு வாங்க."

கரையே சிரித்தது. அன்றைக்குத்தான் அந்தத் தராசு வெயில் ஏறுமுன்னே அவிழ்ந்தது.

அதன்பிறகு எல்லாத் தோணிக்காரரும் எங்கள் வீட்டு வளவுக்கு வந்தார்கள். கூடைக்கு ஒரு கை இறால் எனக்குக் கூலி. அதை விற்று ஐஸ் வாங்குவேன். முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய், ஐஸைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸின் கூரையில் போட்டுக்கொண்டு வருவேன். "டேய் ஐஸ் முதலாளி, உன்ட சாமான் என்ட கழுத்துக்குள்ள ஒழுகுதடா!" என்று கொண்டக்டர் கத்துவார். பள்ளிக்கூடம் தானாகவே விட்டுப்போயிற்று.

வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள், கதிரவெளியிலிருந்து. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு வேறிடத்துக்குப் போவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வீடென்றால் சுவரும் கூரையும் என்று நினைத்திருந்தேன்.

பாயில் எல்லாரும் இருந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றேன். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"வீடு. வளவு. வளவுக்குள்ள தென்னை, மாமரம், கிணறு. அதோட நல்லா ஓடுற ஐஸ்குழி ஒண்டு. இந்தப் பக்கத்தில வேற எங்கயும் இல்ல."

எல்லாத் தலையும் மாமரத்தின் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து போய் உமிக்குள் கையை விட்டு, "அடே, குளிருது!" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சபையில் என்னைப் புகழ்கிறார்கள் என்றே நினைத்தேன். தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். உமி எவ்வளவு, சாக்கை எங்கே விரிப்பது, ஐஸை எந்த நேரத்தில் மாற்றுவது, ஒன்றையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். இரண்டு கேள்வியும் கேட்டார். நல்ல கேள்விகள். திரும்பிப் பார்த்தபோது அப்பா பாயின் ஓரத்தில் இருந்து கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார்.

கலியாணம் முடிந்தது. தங்கச்சிக்கென்று அம்மா வைத்திருந்த துண்டு வளவில் கிடுகுக் குடில் போட்டு அங்கே போனோம். அடுத்த நாளும் நான் ஐஸ் சாக்கோடு பஸ்ஸால் இறங்கி நேரே மாமரத்தடிக்குப் போனேன். குழியருகே வாங்குப் பலகை போட்டு அத்தான் இருந்தார். கூடைகளை அவரே வாங்கி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. அது பொய்யான மலர்ச்சி அல்ல.

"வா மச்சான், வா! உமி குறைஞ்சிட்டு. மில்லுக்குப் போய் ரெண்டு சாக்கு கொண்டா பாப்பம்."

கொண்டுவந்தேன். மத்தியானம் ஒரு கை இறாலை வாழையிலையில் சுற்றித் தந்தார். "கறிக்கு" என்றார்.

குடிலுக்குப் போய் இலையை அம்மாவுக்கு முன்னால் எறிந்தேன்.

"குழி என்ட! நான் வெட்டின!"

"வளவு அக்காட மனே. வளவுக்குள்ள கிடக்கிறது வளவோடதானே. நீயும் நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவாய். அங்க உனக்குக் கிடைக்கும்."

"அந்த வீட்டில எனக்கு எவன் குழி வெட்டி வச்சிருக்கான்?"

அம்மா குனிந்தாள். இறாலைப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். நான் அப்பாவிடம் திரும்பினேன்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நான் எங்க இருந்துகொண்டு மனே சொல்ல?" என்றார்.

பயந்த மனுசன் என்று நினைத்தேன். பல வருசம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் அதன்பிறகும் விடியப்புறம் ஆற்றங்கரைக்குப் போவார், தோணி கிடந்த இடத்தில் நிற்பார், திரும்பி வருவார். அக்காவின் வீடும் அவருடையதல்ல, தங்கச்சியின் குடிலும் அவருடையதல்ல, அவருடையதென்று இருந்தது அந்தத் தோணி ஒன்றுதான், அதையும் என் குழிக்குள் இறக்கிவிட்டார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. காலை ஊன்றிப் பேச ஒரு சாண் நிலம் வேண்டும் என்பது விளங்கவில்லை. அப்பாவின் அந்தக் கேள்விக்கு இன்றைக்கு நானும் பதில் வைத்திருக்கவில்லை. மில்லும் லொறியும் மகள்மாரோடு போய்விட்டன. இதைக் கடைசி மகளின் வீட்டுப் பக்க அறையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். மின்விசிறியைப் போடுவதற்கும் மருமகனின் முகத்தைப் பார்க்கிறேன்.

போன மாதம் அந்த மாமரம் நின்ற இடத்தில் அத்தானின் ஐஸ் தொழிற்சாலைக்குப் புதிய கூல் ரூம் திறந்தார்கள். அத்தான் காலமாகிவிட்டார். அவருடைய மகன்மாரும் அங்கே இல்லை; அவரவர் மனைவி வீட்டில். இப்போது அதன் முதலாளி, அக்காவின் மகளைக் கட்டியவர். நல்ல பிள்ளை. எனக்குக் கேக்கும் சோடாவும் தந்தார். சுவரில் அத்தானின் பெரிய படம், மாலை போட்டு, கீழே 'ஸ்தாபகர்' என்று எழுதியிருந்தது.

"தம்பி, குழி எங்க இருந்ததெண்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்தக் குழி மாமா? கேக்கச் சாப்பிடுங்க."

அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளுக்கு இப்போது காது கேட்பதில்லை.

அத்தான் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. ஐஸ்குழியை ஐஸ் தொழிற்சாலையாக்கியது அவருடைய பாடு. அது அவருக்கே இருக்கட்டும். கட்டடத்தில் ஒரு கல்லும் எனக்கு வேண்டாம். ஆனால் உமிக்குள் காலை வைத்தவன் நான். நக்காமல் நின்றவன் நான். தோணியைத் தந்தவர் என் தகப்பன். ஊராரே, அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பலகை போடுங்கள். யோசனை என்னுடையது என்று எழுதுங்கள். என் பெயரை முழுதாக எழுதுங்கள், தகப்பன் பெயரோடு. படத்துக்குக் கீழே இடம் இருக்கிறது. கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆணிக்கு நீங்கள் கடைக்குப் போகத் தேவையில்லை. அப்பாவின் டப்பா என்னிடம் இருக்கிறது.