வலப்பக்கத்து இதயம்

அண்ணன் பரசுராமனுக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. இருபத்தாறு வயது வரை எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வடக்குப்பட்டில் ஏர் ஓட்டினான், கிணறு வெட்டப் போனான், ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை.

1991 தொடக்கத்தில் பென்னலூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். மார்பு எக்ஸ்ரே கேட்டார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு நானும் கூடப் போனேன். எக்ஸ்ரே எடுக்கும் சாம்சன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தவறு என்று நினைத்து இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படியே. பிறகு அண்ணனின் வலது மார்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாப்பா, கண்ணாடில பாக்கற மாதிரி கீற? உள்ள எல்லாமே எடம் மாறி கீது."

நோய் இல்லை, பிறவியிலேயே சிலருக்கு அமைவது என்றார். குடல்வாலும் இடப்பக்கம்தான் இருக்கும், வயிற்றுவலி வந்தால் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். அண்ணன் காதில் வாங்கவில்லை. இதயக் கோளாறு என்று கம்பெனியில் கழித்துவிடுவார்களே என்பதுதான் அவன் கவலை. அரை மணி நேரம் கெஞ்சினான். இடது, வலது குறிக்கும் ஈய எழுத்தை மாற்றி வைத்து, இதயம் இடப்பக்கம் இருப்பதுபோல் தெரியும்படி மூன்றாவது படம் எடுத்துக் கொடுத்தார் சாம்சன். வேலை கிடைத்தது.

ஆறு மாதம் போனால்தான் நிரந்தரம். ஐந்தாம் மாதம், காலை ஷிப்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முந்தின நாளே வலி இருந்ததாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது சூப்பர்வைசர் கட்டிலருகே நின்றிருந்தார். வலி இடப்பக்கம் என்பதால் கிட்னியில் கல்லாக இருக்கும் என்று ஊசி போட்டிருந்தார்கள். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"இன்னும் ஒரு மாசம்தான் பாப்பா. வாயத் தொறக்காத."

வராந்தாவில் நடந்தேன். சூப்பர்வைசர் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நடந்தேன். அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே போவேன், அண்ணனின் கண்ணைப் பார்ப்பேன், வெளியே வருவேன். நான்கு மணிக்கு வலி நின்றுவிட்டது என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏழு மணிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, வயிறு பலகை போல் இறுகியது, பேச்சு குழறியது. அப்போதுதான் டாக்டரிடம் ஓடிச் சொன்னேன்.

சென்னையில் வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து உள்ளெல்லாம் சீழ். மூன்றாம் நாள் போய்விட்டான்.

வலி வந்த அன்று இரவு, சென்னைக்குக் கொண்டுபோக அவனை வண்டியில் ஏற்றும்போது அந்த டாக்டர் என்னை நிறுத்திக் கேட்டார்.

"இது உனக்கு எப்பம்மா தெரியும்?"

"இப்பதான் சார், அண்ணன் சொன்னாரு."

அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.