கற்றாழை நாரும் பாயின் மூக்கும்

தப்... தப்... தப்...

கற்றாழை மடலைக் கல்லில் போட்டுத் தடியால் அடிக்கிற சத்தம். அந்த வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இந்தச் சத்தமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. வாசனையாக எதுவும் ஞாபகமில்லை, நண்பர்களே. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நின்று நின்று மூக்கு செத்துப் போயிருந்தது. மல்லிப்பூவும் ஒன்றுதான், செத்த எலியும் ஒன்றுதான்.

மாதனூரில் ஒற்றை அறை வீடு. என் மனைவி சுமதி முதல் பிரசவத்துக்குச் சோளிங்கரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை என்று சேதி வந்ததும் சோப்பு கரையக் கரையக் குளித்துவிட்டு ஓடினேன். குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினேன்...

"இருங்க மாப்ள," என்றார் அத்தை. "தப்பா எடுத்துக்காதீங்க. கையில இன்னும் தோல் வாடை அடிக்குது. பச்சக் கொழந்த... அப்பறமா தூக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. தன்மையாகச் சொன்னார். அதுதான் ஜாஸ்தி வலித்தது. வெளியே வந்து கையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டேன். என் கை அவளைத் தூக்கக் கூடாதா, சரி. என் கை திரித்த கயிறு தூக்கட்டும். தூளிக்குக் கயிறு கடையில் வாங்கப் போவதில்லை!

ரயில் பாதை ஓரம் முழுக்க ஆனைக் கற்றாழை. யாரும் சீந்துவதில்லை. மடலை வெட்டி, முள்ளை நறுக்கி, அடித்து நசுக்கி, வீட்டுக்குப் பின்னால் டிரம்மில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டேன். சதை அழுகினால்தான் நார் சுலபமாகப் பிரியும். ஷாப்பில் தோலின் சவ்வைச் சீவும் கத்தி ஒன்று மழுங்கி ஓரமாகக் கிடந்தது. மேஸ்திரியைக் கேட்டு எடுத்து வந்தேன். ஊறின மடலைப் பலகையில் போட்டு அதால் சீவினால் நார் வெள்ளை வெளேரென்று வரும். தோல் சீவுகிற அதே கை வாகுதான்.

ஒரு சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டு பாய். முன்னால் மளிகைக் கடை, பின்னால் வீடு. அதுவரை எங்களுக்குள் பேச்சு வார்த்தை அவ்வளவாகக் கிடையாது.

"இன்னாப்பா, வூட்ல எலி கிலி செத்துக் கெடக்குதா? மூணு நாளா சோறு துன்ன முடியல. ஒரே பேஜாரா இருக்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே பாய்."

பின்பக்கம் போனவர் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "யா அல்லா! டிரம்ல இன்னாய்யா அது? எதுக்கு?"

சொன்னேன். அத்தை சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். எத்தனையோ நாளாக அந்த வீட்டில் யாரோடும் நான் வாய் திறந்து பேசியிருக்கவில்லை. பாய் மூக்கிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சரி சரி, எட்தா. மொதல்ல இத்த அலசுவோம்."

அதுக்கப்புறம் பாயின் மூக்குதான் எனக்கும் மூக்கு. ஷாப்பிலிருந்து வந்ததும் நாரைச் சீயக்காய் போட்டு அலசிக் காய வைப்பேன். கடையை மூடியதும் பாய் வந்து முகர்ந்து பார்ப்பார்.

"இன்னும் கம்மியாவல."

"ம்... தேவல. இன்னொரு வெயில் காட்டு."

ஒருநாள் நாரில் முகத்தையே புதைத்து எடுத்தார். "சுத்தம்! ஒண்ணுமே இல்ல, தோஸ்த்." அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னை தோஸ்த் என்றார்.

கயிறு திரிக்க ஆள் ரெண்டு வேணும். ஒரு முனையை விட்டால் போட்ட முறுக்கெல்லாம் சுருண்டு போகும். ஜன்னல் கம்பியில் கட்டித் தனியாகவே திரித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பாய் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"உட்றாதீங்க பாய்!"

"மொதல்ல நீ உடாத!"

முடிந்ததும் உத்தரத்தில் கட்டி, கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கி வந்து தொங்கவிட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

அஞ்சாம் மாசம் சுமதியும் குழந்தையும் வந்தார்கள். கூடவே அத்தை. அவர் நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். எனக்கு உயிரே போய் வந்தது.

"சுமதி, சேலைய எடும்மா," என்றார். "கட்டலாம்."

ஆட்டுவதற்கென்று கயிற்றில் வால் நீளமாக விட்டிருந்தேன். வாசப்படியில் உட்கார்ந்து இழுத்து இழுத்து ஆட்டினேன். குழந்தை தூங்கிப்போனாள். அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

இப்போது அந்தக் குழந்தைக்கே குழந்தை. மகளுக்குப் பெங்களூரில் வேலை. சுமதி ஒத்தாசைக்கு அங்கேயே போய்விட்டாள். அங்கே தொட்டில் ஸ்விட்ச் போட்டால் தானாக ஆடுகிறது. பார்க்கப் போயிருந்தேன். வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.

"எத்தன வாட்டிப்பா கழுவுவ? புடிப்பா!" என்று மகள் பேரனைக் கையில் கொடுத்துவிட்டாள். ஷாப்பை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. இருந்தாலும் விரலை அவன் முகத்துக்கிட்டே கொண்டுபோகவில்லை.

நேற்று ஊருக்குத் திரும்பினேன். வீடு பூட்டினது பூட்டினபடி. அந்தக் கயிறு இப்போது பின்பக்கம் துணி காயப்போடுகிற கொடி. துவைத்த என் ஒற்றைச் சட்டையை அதில் போட்டேன். காப்பி வாசனை, மழை வாசனை எல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அதனால் கயிற்றை முகர்ந்து பார்த்தேன். பிறகு என் கையை.

ஒன்றும் வரவில்லை...

நிஜமாகவே இல்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா? பக்கத்துக் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்று ரெண்டு அடி எடுத்து வைத்தேன். பாய் காலமாகி அஞ்சு வருஷம் ஆகிறது. அந்த வீடும் பூட்டித்தான் கிடக்கிறது.