கவாத்துக் காட்டின் மேல் பச்சை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நான் வரையும்போது மட்டுமல்ல, அடுத்தவர் வரையும்போதும் என் கை சும்மா இருக்காது. எங்கள் வேலந்தாவளத்து வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே ஆடை கட்டிவிடும். அங்கே பழகியவள் நான். பார்த்தோமா, தீட்டினோமா, அடுத்ததற்குப் போனோமா என்றே இருப்பேன். மலைக்கு வந்து வகுப்பு எடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பரபரப்பு விட்டபாடில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சாலையோரத்தில் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் ரிசார்ட்டில் தங்க வந்தவர்கள். ஐந்தாவது ஆள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா. மூன்றாவது வாரமாக வருகிறார். எதிர்ச் சரிவை மட்டும்தான் வரைவார், அதுவும் எறும்பு ஊர்கிற வேகத்தில். முதலில் பெரிய நிறங்களைப் போடுங்கள், விவரமெல்லாம் கடைசியில் என்று தொண்டை கிழியச் சொல்லியும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தூரிகை கழுவ ஓடைக்குப் போன நேரத்தில் அவர் படத்தைப் பார்த்தேன். பச்சைச் சரிவுக்கு நடுவே சாம்பலும் பழுப்புமாக ஒரு திட்டு. அட, நல்ல படத்தை இப்படிச் சேறாக்கி வைத்திருக்கிறாரே! நிமிர்ந்து எதிரே ஒருதரம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அகலத் தூரிகையில் இளம்பச்சையைத் தோய்த்து, நாலே இழுப்பில் அதை மூடிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன்.

திரும்பி வந்த அக்கா கேன்வாஸ் முன் அப்படியே நின்றுவிட்டார்.

“டீச்சர், இங்கிட்டு இருந்த கவாத்துக் காடு எங்க?”

அப்போதுதான் எதிரே பார்த்தேன். சரிவின் நடுவில் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்து முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். இலையே இல்லை. வெறும் குச்சிகள்.

“எங்க வீட்டுக்காரவுக வெட்டுனது டீச்சர். இந்த மாசத்தோட அவுகளுக்கு வேலை முடியுது. கடைசியா வெட்டுன காடு இதுதான். ரெண்டு மாசத்துல துளிர்த்துரும், அப்புறம் ஆரு வெட்டுனதுன்னு தெரியவா போகுது? அதான் வரைஞ்சு அவுக கையில குடுக்கலாம்னு...”

ஐயோ என்றிருந்தது எனக்கு. ஈரத்துணியை எடுத்துத் தேய்த்தேன். மலைக்காற்றில் பச்சை நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

“மன்னிச்சுக்குங்கக்கா. ஒரே நிமிசமுங்க, மேல பழுப்புப் போட்டுச் சரி பண்ணிடறேனுங்க” என்று மறுபடியும் தூரிகையை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சும்மா நில்லுங்க டீச்சர். அதுவே போதும்.”

முதலிலிருந்து ஆரம்பித்தார். பச்சையின் மேல் ஒவ்வொரு குச்சியாக. பனி ஏறி வந்து சரிவையே மறைத்துவிட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற நால்வரும் கிளம்பிவிட்டார்கள். நான் கையைக் கட்டினேன், அவிழ்த்தேன், சாலையில் அங்குமிங்கும் நடந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. படத்தில் காடு பாதிக்குமேல் திரும்பி வந்திருந்தும் எனக்கு ஆறவில்லை. பொறுக்கமாட்டாமல், காலையில் நான் வரைந்த படத்தைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

“நீங்களும் இதுல ஏதாச்சும் அடிச்சு விடுங்கக்கா. அப்பத்தான் எனக்கு மனசு ஆறுமுங்க.”

அவர் என் படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் குச்சிகளுக்கே திரும்பிவிட்டார்.

“அது எந்தக் காடுன்னே எனக்குத் தெரியாதே டீச்சர். நான் எப்படிக் கை வைக்க?”