மதகு திறப்பதற்கு முன் ஒரு சங்கு

புஷ்பலதாவின் குரல் பெரியது. பர்மாவில், மிங்கலாடோனில் அவள் பிறந்த வீட்டில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. பிறகு ஒரு தையல் ஆலையில் பதினோரு வருஷம் சட்டைக் காலர் தைத்தாள். அங்கேதான் அந்தக் குரல் அவளுக்கு வம்பு வாங்கிக் கொடுத்தது. எழுபது இயந்திரங்கள் ஓடினாலும் அவள் பேசினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். மேற்பார்வையாளர் இரண்டு முறை அவளை இடம் மாற்றினார். அப்புறம் ஆலையையே மூடிவிட்டார்கள்.

கணவன் பிரேம்நாத் மாவ்பியிலிருந்து நகரத்தின் நடுவிலுள்ள கியாக்டடாவுக்குப் பேருந்து ஓட்டுகிறவர். வீடு மாவ்பிக்கு மேற்கே, தமீன் சௌங் என்ற ஓடையின் கரையில். வேலை போன மாதம் புஷ்பலதா சந்தைக்குக் காய் வாங்கப் போனவள், இருபது வாத்துக் குஞ்சுகளோடு திரும்பினாள்.

"கொழம்பு வைக்கவா?" என்று பிரேம்நாத் கேட்டார்.

"வளக்கப்போறேன்."

அவர் சிரித்தார். ஆறு வருஷத்தில் இருபது, இருநூற்று நாற்பதானது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, விடுமுறை நாளில் பட்டி கூட்டக் கற்றுக்கொண்டார். அவள் கரையில் நின்று "பா... பா... பா..." என்று ஒரு குரல் கொடுத்தால், ஓடையின் வளைவுக்கு அப்பால் மேய்கிற வாத்துகூடத் தலையைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்.

ஓடைக்கு மேலே நான்கு மைலில் ஒரு சின்ன அணை உண்டு. தனியார் கம்பெனி ஒன்று அங்கே மின்சாரம் எடுக்கிறது. பகலெல்லாம் தண்ணீரைத் தேக்கி வைத்து, விளக்கு ஏற்றும் நேரத்துக்கு முன்னால் மதகைத் திறந்துவிடுவார்கள். வெயில் காலத்தில் பகலில் ஓடை வெறும் சேறாகிவிடும்; மாலையில் திடீரென்று பெருகும். எந்த நாள் எப்போது திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாலை, புஷ்பலதா கரையில் உட்கார்ந்து பட்டி வலையை முடிந்துகொண்டிருந்தாள். வாத்துகள் சேற்றில் நத்தை தேடிக்கொண்டிருந்தன. ஓசையே இல்லாமல் தண்ணீர் வந்தது. அவள் எழுந்து கூப்பிட்டு முடிப்பதற்குள் நூற்றெண்பது வாத்துகள் வளைவைத் தாண்டிவிட்டன. அவை பயந்ததாகவும் தெரியவில்லை. ஊர்வலம் போவதுபோல் போயின.

மறுநாள் விடிந்ததும் கூடைகளோடு ஓடைக்கரையிலேயே நடந்தாள். முதல் ஊரில் முப்பது கிடைத்தன. இரண்டாவது ஊரில் எண்பத்தொன்று. மூன்றாவது ஊரில் ஊ ச்சோ என்ற பெரியவரின் குளத்தில் அறுபது வாத்துகள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன.

"இது என் வாத்து," என்றார் அவர்.

"அப்படியா? கூப்பிடுங்க பார்ப்போம்," என்றாள் புஷ்பலதா பர்மியத்தில்.

அவர் கூப்பிட்டார். ஒன்றும் திரும்பவில்லை. அவள் வாயைத் திறந்து ஒரே ஒரு குரல் கொடுத்தாள். அறுபதும் கரையேறி அவள் காலைச் சுற்றிக்கொண்டன. ஊ ச்சோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேநீர் கொடுத்து, தன் மாட்டு வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். ஒன்பது மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் தண்ணீர் பலமுறை அப்படி வந்தது. நாலு மணி ஆனாலே வாத்துகளைக் கரையேற்றிவிடுவது என்று அவள் வழக்கப்படுத்திக்கொண்டாள். மேய்ச்சலில் பாதி போயிற்று. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாள்.

அந்த வழியைக் காட்டியது ஒரு காகிதம். ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அதைப் படித்துவிட்டு ஓடிவந்தவள் கரீமா, பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவள்.

"ஏய் புஷ்பா, அணைக்காரனுக்கு இருவது வருஷ உரிமம் முடியுதாம். இன்னும் முப்பது வருஷம் கேக்குறான். கருத்து இருக்குறவங்க வந்து சொல்லலாம்னு போட்டிருக்கு. ஒன் வாத்த அடிச்சிக்கிட்டுப் போனவன், அவனே கேக்குறான். போய்ச் சொல்லு."

"நான் போய்ப் பேசுறதா? எங்க?"

"கியாக்டடாவுல. சூலே பக்கம்." கரீமா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. அணையே வேணாம்னு சொல்லிப்புடாத. என் ஐஸ் பொட்டி ஓடணும்."

"எனக்கு மட்டும் வேணாமா? குஞ்சு பொரிக்கிற பொட்டி கரண்டுலதான ஓடுது."

ஊரில் வேறு யாரும் வருவதாக இல்லை. போனால் என்ன ஆகப் போகிறது என்றார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு, முகத்தில் தனகாப் பட்டை அரைத்துப் பூசி, கல்யாணத்துக்கு எடுத்த பச்சை லுங்கியைக் கட்டிக்கொண்டு, கணவனின் பேருந்திலேயே புறப்பட்டாள் புஷ்பலதா.

முன் இருக்கையில் உட்கார்ந்து வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டாள். பிரேம்நாத்தால் சும்மா இருக்க முடியவில்லை. ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "என் சம்சாரம். அணையைப் பத்திப் பேசப் போறா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். மிங்கலாடோனில் ஏறிய ஒரு தாதி, "அக்கா, மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு மூன்றுதான் நினைவிருக்கும்," என்றாள். காய்கறிக் கூடைக்காரர் ஒருவர், முதலில் புகழ்ந்துவிட்டுப் பிறகு குறை சொல்லச் சொன்னார். சூலே நிறுத்தத்தில் அவள் இறங்கும்போது பேருந்தில் பாதிப் பேர் கையசைத்தார்கள்.

கூட்டம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் ஒன்பது பேர். பொதுமக்கள் என்று வந்தவர்கள் நான்கே பேர். தலைமை தாங்கிய அதிகாரி ஊ சோ நைங், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அமர்ந்திருந்தார். கம்பெனியின் பொறியாளர், முப்பது வயது இருக்கும், திரையில் படம் காட்டி விளக்க ஆரம்பித்தார். தண்ணீர் திறந்தால் கீழே ஓடையில் மணிக்கு அரை அடிதான் ஏறுகிறது என்று ஒரு கோட்டைச் சுட்டிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

திரை இருண்டது, விசிறி நின்றது, ஒலிபெருக்கி செத்தது. கீழே ஜெனரேட்டரை உசுப்ப யாரோ ஓடினார்கள். மின்சாரம் எடுக்க அனுமதி கேட்கிற கூட்டத்தில் எல்லோரும் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"அரை அடியாம்!" என்று புஷ்பலதா தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தாள். "எவன் அளந்தது, குளிக்கிற வாளியிலயா?"

அவள் முணுமுணுப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது. பொறியாளர் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான் அளந்தேன், அக்கா," என்றார் தமிழில்.

அவளுக்குக் காது வரை சூடேறியது. மேடையில் நிற்பவர் பெயர் சர்ஃபராஸ் என்று பலகையில் எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். ஆனால் ஆரம்பித்தாயிற்று.

"மன்னிச்சிக்கங்க தம்பி. எங்க நின்னு அளந்தீங்க?"

"அணைக்குக் கீழயே."

"அங்க ஓடை அகலம். எங்ககிட்ட வரும்போது ரெண்டு கரையும் கிட்டக் கிட்ட வந்துரும். தண்ணி எங்க போவும்? மேலதான் ஏறும்."

சர்ஃபராஸ் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"என்ன பேசிக்கொள்கிறீர்கள்? எங்களுக்கும் சொல்லுங்கள்," என்றார் ஊ சோ நைங். "ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, கொஞ்சம் உரக்க..."

அது அவளிடம் கேட்க வேண்டியதே இல்லை. புஷ்பலதா எழுந்து நின்று பர்மியத்தில் பேசினாள். அணை இருக்கட்டும், மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும் என்று முதலில் சொன்னாள். பிறகு மூன்று விஷயம். மதகைப் படிப்படியாகத் திறக்க வேண்டும். மூடி வைத்திருக்கும்போதும் ஓடை செத்துப்போகாத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். திறப்பதற்கு முன், ஆலையில் ஊதுவதுபோல் ஒரு சங்கு ஊத வேண்டும். நூற்றெண்பது வாத்துகள் ஊர்வலம் போன கதையையும் சொன்னாள். ஊ ச்சோவின் குளத்துக்கு வந்தபோது கம்பெனி ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

"மணிக்கு அரை அடி என்று இவர் சொல்கிறார். நீங்கள் வேறு சொல்கிறீர்கள்," என்றார் ஊ சோ நைங். "நான் எதை எழுதிக்கொள்வது?"

"ஐயா ஒரு நாள் வந்து எங்கள் ஓடையில் நில்லுங்கள்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். "சரி, வருகிறேன்," என்றார்.

அவர் வருவார் என்று புஷ்பலதா நம்பவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் ஜீப் வந்து நின்றது. சர்ஃபராஸ் காலையிலேயே வந்து, அடி அங்குலம் குறித்த ஒரு கம்பை ஓடைக்கு நடுவே நட்டிருந்தார். வழக்கம்போலத்தான் மதகைத் திறக்க வேண்டும், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம் என்று அணைக்கு ஆள் அனுப்பியிருந்தார். பிரேம்நாத் விடுப்பு எடுத்துக்கொண்டார். ஊரே கரையில் கூடியிருந்தது. புஷ்பலதா வாத்துகளைப் பட்டியில் அடைத்து, ஒரு டஜனை மட்டும் வெளியே விட்டிருந்தாள்.

ஊ சோ நைங் வெல்வெட் செருப்பைக் கழற்றி மணல் திட்டில் வைத்துவிட்டு, லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். தண்ணீர் கணுக்கால் அளவு. மணி நாலே முக்கால்.

"எங்கே உங்கள் வெள்ளம்?"

"இருங்கள் ஐயா."

முதலில் வந்தது தண்ணீர் இல்லை, சருகும் நுரையும். பிறகு ஓடையின் நிறம் மாறியது. ஊ சோ நைங் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. "அட," என்றார். இன்னொரு முறை "அட" என்றபோது தொடையில் இருந்தது. புஷ்பலதா அவர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். மணல் திட்டைக் காணோம். ஒரு ஜோடி வெல்வெட் செருப்பு ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயிற்று. பன்னிரண்டு வாத்துகளும் அதைத் துரத்திக்கொண்டு போயின.

கரையில் சிரிப்பு வெடித்தது. பிரேம்நாத் ஓடையில் குதித்து ஒரு செருப்பை மீட்டு வந்தார். மற்றதை அன்றைக்குக் குளத்துப் பெரியவர் ஊ ச்சோவின் ஊர்வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. ஊ சோ நைங் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை விட அதிகமாகச் சிரித்தார்.

சர்ஃபராஸ் மட்டும் சிரிக்கவில்லை. கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷத்தில் இரண்டே முக்கால் அடி. கூட்டம் கலைந்த பிறகு அவர் புஷ்பலதாவிடம் வந்தார்.

"அக்கா, நான் எழுதுனது தப்பு. இந்தப் பக்கம் வந்தே பார்க்கல. திருத்தி நானே எழுதிக் குடுக்குறேன்."

"கம்பெனில திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. திட்டிட்டுப் போறாங்க."

அவருக்கு அன்றைக்கு அவள் வீட்டில்தான் சோறு. வாத்து முட்டைக் குழம்பு. வெட்கப்படாமல் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. முப்பது வருஷம் கேட்ட கம்பெனிக்குப் பதினைந்து வருஷம் கிடைத்தது, நிபந்தனைகளோடு. படிப்படியாகத் திறப்பது இருந்தது. ஓடையில் எப்போதும் தண்ணீர் விடுவது இருந்தது. கரையில் மூன்று இடத்தில் சங்கு வைப்பதும் இருந்தது. கரீமா அதைக் கடை வாசலில் நின்று உரக்கப் படித்தாள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பிரேம்நாத், "இது அவ சொன்னது," என்றார்.

முதல் நாள் சங்கு ஊதியபோது கரீமாவின் கடைதான் மாட்டிக்கொண்டது. அப்படி ஓர் அலறலை வாத்துகள் கேட்டதே இல்லை. இருநூற்றுச் சொச்சமும் கரையேறி, சாலையைக் கடந்து, அரிசி மூட்டைகளுக்கு இடையில் புகுந்துகொண்டன. நாலு நாள் ஒரு முட்டைகூட இடவில்லை.

"மூணு வெஷயம் கேட்டியே, சத்தம் மெதுவா இருக்கட்டும்னு நாலாவதா ஒண்ணு கேட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே கரீமா சிந்திக் கிடந்த உளுந்தைப் பெருக்கி அள்ளினாள்.

அடுத்த வாரத்துக்குள் வாத்துகளுக்குப் பழகிவிட்டது. சங்கு கேட்டால் தாங்களாகவே கரையேறி வரிசையாக நின்றன.

அந்த வெயில் காலத்தில் தமீன் சௌங் வற்றவில்லை. முழங்காலுக்குக் கீழேதான், ஆனாலும் பகல் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. சின்ன மீன்கள் திரும்பி வந்தன. புஷ்பலதா மாலை வரை வாத்துகளை மேயவிட்டாள். மஞ்சள் கரு நன்றாகச் சிவந்திருக்கிறது என்று சந்தையில் சொன்னார்கள். கரண்டு முன்போலவே போய்ப் போய் வந்தது. அப்படிப் போன ஒரு பிற்பகலில் கரீமா, உருக ஆரம்பித்த குச்சி ஐஸ் இரண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்கு வந்தாள். இருவரும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து, சொட்டுவதற்குள் அவசர அவசரமாகத் தின்றார்கள்.