சுடுவதற்கு மட்டும் ஒரு பொத்தான்

ஜெர்மனியில் வேண்டாத சாமானைக் குப்பையில் போட யாரும் அவசரப்படுவதில்லை. அட்டைப்பெட்டியில் அடுக்கி, நடைபாதையில் வைத்து, 'ட்சு ஃபெர்ஷெங்கன்' என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். இலவசம், எடுத்துக்கொள் என்று அர்த்தம். வந்த புதிதில் அடுத்தவர் வாசலில் கைவைக்கக் கூச்சமாக இருந்தது. ஜவ்வாது மலையில் பக்கத்து வீட்டு விறகுக் குச்சியைக்கூடக் கேட்காமல் தொட மாட்டோம். பத்து வருடத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது. என் மேஜை விளக்கும் குடையும் நடைபாதை கொடுத்தவைதான். போன சனிக்கிழமை அப்படி ஒரு பெட்டியைக் கிளறியபோது பழைய வீடியோ கேம் கருவி ஒன்றும், அதோடு ஒரே ஒரு கேசட்டும் கிடைத்தன. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் கையை உதறினேன்.

ஆனாலும் எடுத்து வந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வலிக்கிற பல்லை நாக்கு தேடிப் போகிற மாதிரிதான். கைப்பிடியில் யாரோ வருடக்கணக்காகத் தின்ற சிப்ஸ் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து பிசுபிசுத்தன. ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன், பஞ்சு கறுப்பாக வந்தது. மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு ஸ்டெஃபான் அதைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நான் "ஏக்லிஷ்" என்றேன். அருவருப்பாக இருக்கிறது என்பதற்கு இவர்கள் சொல் அது. அவர் முகம் மலர, "யா, ஹெர்லிஷ் ஏக்லிஷ்!" என்றார். அருமையான அருவருப்பாம். ஆட்டத்தில் வருகிற பூதப்பூச்சிகளைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பத்து வருடம் ஆகியும் அவரைத் திருத்துகிற அளவுக்கு என் ஜெர்மன் போதாது.

விண்வெளிக் கப்பலுக்குள் புகுந்த பூச்சி இனத்தோடு மனிதர்கள் சண்டை போடும் ஆங்கிலப் படங்கள் வரிசையாக வந்தனவே, அவற்றை வைத்துச் செய்த ஆட்டம் இது. நாம்தான் சிப்பாய். திரையில் நம் கை தெரியாது, துப்பாக்கி முனை மட்டும் தெரியும். எங்கள் மலையடிவாரத்து ஆலங்காயத்தில் டிவி ரிப்பேர் கடை ஒன்றில் இது இருந்தது. எனக்கும் கோவிந்தனுக்கும் அப்போது பதின்மூன்று வயது. கோவிந்தன் என் தாய்மாமன் மகன். சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் மாமாவை மூட்டைகளோடு விட்டுவிட்டு நாங்கள் கடைக்கு ஓடிவிடுவோம். அந்த ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. சத்தம் போட்டால் பூச்சி வந்துவிடும். மூச்சுக்கூட விடாமல் இருப்பவன்தான் பிழைப்பான்.

ஞாயிறு காலை அதை டிவியில் மாட்டி ஆடினேன். சீ என்று ஆகிவிட்டது. சுவரெல்லாம் பச்சைச் சளி, சதை கிழிகிற ஒலி, பன்றி அறுக்கும்போது வருகிற மாதிரி ஓர் ஓலம். சிறுவனாக இருந்தபோது இதைத்தான் வாயில் எச்சில் ஊறப் பார்த்திருக்கிறேன். அன்று கண்ணில் படாத ஒன்று இன்று பட்டது. கப்பலில் உயிர் தப்பிய மனிதர்கள் சிலர் கையைத் தூக்கிக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வருகிறார்கள். அவர்களைச் சுட்டாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆட்டம் பாட்டுக்குப் போகிறது. யார் அங்கே என்று கேட்க வழியே இல்லை. சுடுவதற்கு மட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது.

எங்கள் மலையில் கேட்காமல் யாரும் சுட மாட்டார்கள். சாமை விளைந்து நிற்கும்போது பன்றிக் காவலுக்குப் பரணில் துப்பாக்கியோடு ஆள் இருப்பார். பயிர் அசைந்தால் 'கூ' என்று மூன்று முறை குரல் கொடுப்பார். உள்ளே இருப்பது மனிதன் என்றால் திருப்பிக் கூவ வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். ஒரு நாள் பொழுது சாயும் நேரம் நானும் கோவிந்தனும் மாமாவின் சாமைக் கொல்லைக்குள் அந்த ஆட்டத்தை ஆடினோம். அவன் பூச்சி, நான் சிப்பாய். அவனைப் பிடித்து அமுக்கிய நேரத்தில் பரணிலிருந்து மாமா கூவினார். கோவிந்தன் வாயைத் திறந்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன். சத்தம் போட்டால் செத்தாய் என்று காதில் சொன்னேன். மாமா இரண்டாம் முறை கூவினார், மூன்றாம் முறையும் கூவினார். பிறகு கோவிந்தனின் தொடையில் ரவைகள் பாய்ந்தன.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனிடம், சொல்லிவிடாதே என்று நான் கெஞ்சினேன். கூவினது காதில் விழவில்லை என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ஊர் அவரை நம்பவில்லை. கூவியிருந்தால் பிள்ளை பதில் கொடுத்திருக்குமே, குடித்துவிட்டுப் பெற்ற மகனையே சுட்டான் என்றார்கள். நான் படித்தேன், வேலை தேடினேன், விமானம் ஏறினேன். இப்படிப்பட்ட ஒருவனைத்தான் ஊரில் கெட்டிக்காரன் என்கிறார்கள்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கோவிந்தனை வீடியோவில் அழைத்தேன். அங்கே மத்தியானம். டிவியைக் காட்டியதும் சிரித்தான்.

"இன்னாடா மச்சான், அதே கேமா? ஆட்றா, பாக்கறேன்."

"முடியலடா. அருவருப்பா இருக்கு. நான்தான் அன்னைக்கு உன் வாயப் பொத்துனேன்."

"அது எனுக்குத் தெரியாதா? என் வாய் தான? உட்றா, பழசு."

"மாமா கிட்ட போனக் குடு."

அவன் சிரிப்பு நின்றது. "வேணாம்டா. மறந்துட்டாரு."

"மறந்துட்டாரா?"

அவன் போனோடு எழுந்தான். காலை இழுத்து இழுத்து நடந்து போனான். திரை ஆடி ஆடி மாமாவிடம் நின்றது.

"மாப்ள, சாப்ட்டியா? அங்க மணி இன்னா?"

மணியைச் சொல்லாமல், கோவிந்தன் வாயைப் பொத்தியதைச் சொன்னேன்.

"அப்ப நான் கூவனேன்," என்றார் கடைசியில்.

"கூவினீங்க மாமா. மூணு தபா. எங்க ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு."

"உங்க அத்த சாவற வரைக்கும் நம்பலடா." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானே பாதி நாளு நம்பல. இத்தச் சொல்ல அவ்ளோ தூரம் போவணுமா நீ?"

அவர் போனைக் கட்டில் மேல் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பனும் மகனும் வெளியே பேசுகிற சத்தம் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அவர்கள் இணைப்பைத் துண்டிக்கவில்லை, நானும் துண்டிக்கவில்லை. இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்த வீட்டுக் கூரைத் தகரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.