ஓடெட்டின் பல்லும் ஊர்த் தண்ணீரும்

எங்கள் ஈஸ்ட் ஹார்லோவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்றால் அதற்குக் காரணம் ஓடெட் பெல்க்கி. ஊரில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் நின்றால்தான் அவள் ஞாபகம் வரும். இருபத்தாறு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்குப் பம்பு வீட்டுக்குப் போய், குளோரின் அளவைச் சோதித்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். கிறிஸ்துமஸ் அன்றும் போவாள். புருஷன் கில்பர்ட்டை அடக்கம் செய்த அன்றும் போய்விட்டுத்தான் கல்லறைக்கு வந்தாள். நான் ஊர் அலுவலகத்தில் எழுத்தர். அந்தத் தாள்களை வாங்கி அடுக்கி வைப்பது என் வேலை, அதனால் எனக்குத் தெரியும்.

குள்ளமான உருவம், கரகரத்த குரல். எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் பனி உருகும் மார்ச் மாதச் சேற்றில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறாள் என்று தோன்றும். உண்மையில் அவள் யாரிடமும் சண்டை போட்டதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விடாக்கண்டி. ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்க்க வேண்டும், பிள்ளைகளின் பல் சொத்தையாகாமல் இருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் மனு கொடுத்தாள், ஊர் வேண்டாம் என்றது. எண்பதில் மறுபடி கொடுத்தாள், மறுபடி வேண்டாம் என்றது. இப்போது எண்பத்தாறு. அவளுக்கு ஐம்பத்தேழு வயது, கோடையில் ஓய்வு பெறுகிறாள். அவளுக்குப் பிறகு வருகிறவன் நாலு ஊர்ப் பம்பைப் பார்க்கிற ஒப்பந்தக்காரன். கையுறை மாட்டிக்கொண்டு தினமும் மருந்து கலந்து அளந்து பார்க்கிற தலைவலியை அவன் கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டான். ஆகவே இதுதான் கடைசித் தடவை. அவளுக்கும் அது தெரியும், ஊருக்கும் தெரியும்.

சொல்லப்போனால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அது எலி மருந்து என்பான் ஒருவன். பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுக்கத் துப்பில்லாத அம்மாக்களுக்காக நான் ஏன் மருந்து குடிக்க வேண்டும் என்பாள் இன்னொருத்தி. மேப்பிள் மரத்துப் பாகின் ருசி கெட்டுவிடும் என்று ஒரு பெரிய மனிதர் அலுவலகத்துக்கே வந்து சொன்னார். மரங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர் குடிப்பதில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூட நர்ஸ் ஒன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தாள், பதினொரு பேருக்குச் சொத்தை. அதை ஓடெட் தன் கையால் எழுதி என் அலுவலகக் கதவில் ஒட்டினாள். யாரோ கிழித்தார்கள், திரும்ப ஒட்டினாள்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். நூற்று நாற்பது பேர் வரை மண்டபத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் பீன்ஸும் பன்றி இறைச்சியும் மூன்று வகைப் பழப் பலகாரமும் தின்றுவிட்டுப் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். கூட்டத் தலைவர் வின்ஸ்டன் ஹாலி விதி தவறாத மனிதர். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நேராகப் பேசக் கூடாது, எதுவானாலும் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை பேசியவர், பேசாதவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் மறுபடி எழலாம். இந்த இரண்டு விதியும் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் என்றைக்கோ மண்டை உடைந்திருக்கும்.

ரோட்டுக்கு மணல் போடுவது, தீயணைப்பு வண்டிக்கு டயர் என்று இழுத்து இழுத்து, ஃப்ளோரைடு விஷயம் மேடைக்கு வரும்போது மணி மூன்றரை. பால் கறக்கிற நேரம் நெருங்குகிறது. மாட்டுக்காரர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓடெட் எழுந்தாள். வழக்கம்போல நர்ஸின் கணக்கைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"தலைவரே, அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. கல்யாணத்துக்கு மூணு வாரம் இருந்துச்சு. அப்பா என்னைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். ரெண்டே ரெண்டு சொத்தைப் பல்லு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அத்தனையும் புடுங்கிட்டு ஒரு செட்டு பல்லு மாட்டி விட்டாங்க. கனடாவுலேருந்து வந்த எங்க பிரெஞ்சு வீடுகள்ல அதுதான் பொண்ணுக்குக் கல்யாணப் பரிசு. எப்படியும் சொத்தையாகப் போற பல்லு, புருஷனுக்கு ஏன் அந்தத் தொல்லைன்னு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. முப்பத்தொம்பது வருஷமா நான் ஒரு ஆப்பிளைக் கடிச்சதில்ல. இந்த ஊர்ப் புள்ளைங்க கடிக்கட்டும். அவ்வளவுதான்."

அவள் பல்வரிசை அழகு என்று நானே ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது அவள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எலி மருந்துக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். சரி, இந்தத் தடவை ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது அவள் தம்பி ஃபெர்னான் எழுந்தான். மேட்டுத் தெருவில் நாற்பது மாடு வைத்திருப்பவன், அக்காவுக்கு எட்டு வயது இளையவன். முந்தைய இரண்டு தடவையும் ஃப்ளோரைடை எதிர்த்தவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் அக்காவைப் பார்க்கவில்லை, விதிப்படி தலைவரைத்தான் பார்த்தான்.

"தலைவரே, இப்பப் பேசினவங்க என் அக்கா. அன்னிக்கு நானும் கார்ல இருந்தேன், பத்து வயசு. திரும்பி வர்ற வழியெல்லாம் அவ ரத்தம் துப்புறதுக்கு ஒரு கிண்ணத்தைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். மயக்கத்துல அவளுக்கு எதுவும் தெரியாது. எங்கப்பா கெட்டவர் இல்ல, அழுதுக்கிட்டேதான் வண்டி ஓட்டினார். டாக்டரும் கெட்டவர் இல்ல. எல்லாரும் அவ நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. அவளைக் கேக்கல, அது ஒண்ணுதான் குறை. இப்ப அவளே வந்து ஊர்ல அத்தனை பேர் வாயிலயும் ஒண்ண ஊத்தணுங்கறா. எனக்கு வேண்டாம்னா நான் எங்க போறது? அவ நல்லதுக்குத்தான் சொல்றா. எனக்குத் தெரியும், நல்லதுக்குத்தான்."

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஓடெட்டின் கை மேலே போயிற்று.

"ஓடெட், நீ பேசிட்ட. பேசாதவங்க இன்னும் மூணு பேர் இருக்காங்க" என்றார் வின்ஸ்டன். குரலில் இரக்கம் இருந்தது, ஆனால் விதி விதிதான்.

அந்த மூன்று பேரும் பேசினார்கள். ஒருவர் செலவைப் பற்றி, ஒருவர் அரசாங்கத்தைப் பற்றி. மூன்றாமவர் ஓடெட்டின் உழைப்பைப் புகழ்ந்துவிட்டு, ஆனாலும் ஃபெர்னான் சொல்வது நியாயம் என்றார். அவ்வளவு நேரமும் அவள் கையை இறக்கவே இல்லை. மணி நாலு. பின்வரிசையிலிருந்து ஒரு மாட்டுக்காரன் எழுந்து, பேசியது போதும், வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று தீர்மானம் போட்டான். இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பேச்சை முடித்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வின்ஸ்டன். எண்ணுவது என் பொறுப்பு.

வரிசை வரிசையாக எண்ணினேன். நான்காவது வரிசையில் ஓடெட்டின் கை முன்பு இருந்தபடியே மேலே நின்றது. அதையும் சேர்த்து எண்ணினேன். மண்டபத்தில் நூற்று முப்பத்தாறு பேர், தேவை தொண்ணூற்றொன்று. என் தாளில் தொண்ணூற்றொன்று என்று எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. பேச வேண்டும் என்று தூக்கிய கையை, பேச்சை முடிக்கச் சொன்ன கையாக எண்ணியிருக்கிறேன். அது இல்லாவிட்டால் தீர்மானம் தோற்றிருக்கும், அவளுக்குப் பேச இடம் கிடைத்திருக்கும். வின்ஸ்டன் என்னைப் பார்த்தார். எழுந்து சொல்லியிருக்கலாம். இடுப்பு வலித்தது, காலை எட்டு மணியிலிருந்து அந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. தொண்ணூற்றொன்று என்றேன்.

சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். வேண்டும் என்று அறுபத்திரண்டு, வேண்டாம் என்று எழுபத்து நான்கு. என்னுடையது அறுபத்திரண்டில் ஒன்று. அதைச் சொல்லி இப்போது யாரைச் சமாதானப்படுத்த?

மறுநாள் காலை பம்பு வீட்டுக்குப் போனேன். தூக்கமில்லை, தலை கனத்தது. ஓடெட் சோதனைக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், உன் கையைத் தப்பாக எண்ணிவிட்டேன், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன் என்று. வேண்டுமானால் இன்றைக்கே வின்ஸ்டனிடம் போய் ஒப்புக்கொள்கிறேன், மறுபடி கூட்டம் போடச் சொல்லலாம் என்றேன்.

"நீ எண்ணினப்ப உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், ஹோரஸ்," என்றாள். "என் வரிசைக்கு வர்றதுக்குள்ள கையை இறக்கியிருக்கலாம். நேரம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இறக்கல?"

"இறக்கினா பேச்சு முடியாமப் போயிரும், அப்புறம் நான் எழுந்து பேசணுமே." குப்பியைக் கீழே வைத்தாள். "அவன் கிண்ணம் புடிச்சது எனக்குத் தெரியாது. எப்பவும் சொன்னதே இல்ல. நூறு பேருக்கு நடுவுல, தலைவரைப் பாத்துத்தான் சொன்னான். அதுக்கு நான் எழுந்து என்ன சொல்றது? என்னைக் கேக்காம செஞ்சது தப்புன்னு நாந்தானே சொன்னேன். அதை வச்சுத்தான் அவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியல."

வேறு ஆளாக இருந்தால் அழுதிருப்பாள். அவள் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் அவளை அவ்வளவு களைத்துப்போய் நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலிதான் உண்டு, அதில் போய் உட்கார்ந்தாள். மறுபடி கூட்டம் வேண்டுமா வேண்டாமா என்று திரும்பவும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஆனா பல்லு சொத்தையான அந்தப் பதினோரு புள்ளைங்க இருக்கே," என்றாள். "அதுங்களையும்தான் யாரும் கேக்கல."

அன்றைய தாளை என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன்.