அடுப்பில் போன போஞ்சி விதை

பக்கத்து வீட்டுக்காரி பல வருடமாகப் பாதுகாத்து வைத்திருந்த போஞ்சி விதையை அவள் கையாலேயே அடுப்பில் போட வைத்தவன் நான். "விதை கெட்டுப்போச்சு தங்கச்சி" என்றேன். கெட்டிருந்தது விதை அல்ல, நிலம். நிலத்தைக் கெடுத்தவன் நான். அன்றைக்கே எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் எல்லோருக்கும் மாஸ்டர்தான். விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும், மாடு தின்னவில்லை என்றாலும் என்னிடம் வருவார்கள். 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் அப்படித்தான் விட்டுப்போனது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறிக் கொல்லை இருக்கிறது. இடுப்பு வலி வந்த பிறகு குனிந்து புல் பிடுங்க முடியவில்லை. பதுளையில் களைநாசினி வாங்கிவந்து, முதுகில் மாட்டும் டாங்கியில் கலந்து அடித்தேன். குனிய மறுத்த இடுப்பு டாங்கியை மட்டும் எப்படிச் சுமந்தது என்று மனைவி இன்னும் கேட்கிறாள். போத்தலில் எழுதியிருந்ததைவிடத் தாராளமாகவே கலப்பேன். அளவுக் குவளையைக் கண் மட்டத்தில் வைத்துப் பார் என்று பிள்ளைகளை அதட்டிய அதே ஆள்.

பிறகு அதற்கும் சோம்பல் வந்தது. பாதிக் கொல்லையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள், எண்ணெய் டின்களில் போஞ்சி வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து கிருந்து அடிச்சீங்களா மாஸ்டர்?"

"சேச்சே, கையாலதான் புடுங்குனேன்."

கடைசியாக அடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. புல் செத்ததோடு மருந்தும் போயிருக்கும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

டின்களில் மிளகாயை வைத்துவிட்டு, போஞ்சியைக் கொல்லையில் ஊன்றினாள். முளைத்தது, கொடியும் ஏறியது. ஆனால் இலைகள் வெளிறிக் கிண்ணம்போலக் குவிந்தன. பூக்கும் நேரத்தில் தண்டு தெரியாமல் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. சாம்பல் தூவினாள், சவர்க்காரத் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் காலையில் முன்னைவிட அதிகமாக இருந்தது.

என்னிடம் வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். "நோய் விதையிலேயே இருக்கு. வச்சிருந்தா எல்லார் கொல்லைக்கும் பரவும். எரிச்சிரு" என்றேன்.

மாஸ்டர் சொன்னால் சரிதான் என்று போய்விட்டாள். அடுப்புக்கு மேலே தொங்கிய விதைப் போத்தலை இறக்கி நெருப்பில் கவிழ்த்தாள். அவள் அம்மா வைத்துவிட்டுப்போன விதை அது. விதை வெடித்த சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாங்கி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க படிப்பிச்ச விஞ்ஞானத்துல பொய் சொல்றது எத்தனாவது பாடம்?" என்றாள். அன்று தேத்தண்ணீரில் சீனி இல்லை.

பசறைக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் எதையும் மறைக்கவில்லை. மருந்தின் மிச்சம் மண்ணில் கொஞ்சம் தங்கினாலும் போதும், செடி சாகாது, ஆனால் பூச்சியை எதிர்க்கத் தனக்குள் தானே உண்டாக்கும் காப்பு குறைந்துவிடலாம் என்றார். "பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது சேர். இரண்டு டின்னில் ஊன்றிப் பாருங்கள்."

கடையில் புது விதை வாங்கினேன். ஒரு டின்னில் கொல்லை மண், இன்னொன்றில் ஓடைக்கு அப்பாலிருந்து எடுத்த மண். ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில். சில கிழமைகளில் கொல்லை மண்ணில் நின்ற செடியின் இலை குவிந்தது. அசுவினி அதையே தேடி வந்தது. மற்றதில் ஒன்றிரண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. நாற்பது வருடம் படிப்பித்ததில் இதைவிடத் தெளிவாக முடிந்த பரிசோதனை எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை இரண்டு டின்களையும் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். தோட்டத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் நேரம். அவர்கள் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப என் விதை நல்ல விதையா?"

"நல்ல விதை."

"எரிக்கச் சொன்னது?"

"என் பொய்யை மறைக்க."

வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி, "மாஸ்டர் பெயில்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவிக்குத்தான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு கொழுந்து எடுத்த ஒருத்தி பெரகலையில் தேத்தண்ணீர்க் கடை வைக்கப் போனபோது, அந்த விதையில் ஒரு பிடி கொண்டுபோனாளாம். மூன்று பஸ் மாறிப் போனேன். கடைக்காரி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். பின்வேலியில் காய்ந்த நெற்றுகள் தொங்கின. உடைத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு போட்ட அதே விதை. சட்டைப்பை நிறையக் கொடுத்தாள். பண்டாரவளை வரும்வரை பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி விதையை உள்ளங்கையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கொல்லையில் ஊன்றவில்லை. மிளகாயைப் பிடுங்கிவிட்டுப் பழைய டின்களிலேயே ஊன்றினாள். நான் கொல்லை மண்ணைக் கொத்தி, சாணியும் இலைமக்கும் போட்டு, ஒரு மழைக்காலம் போகவிட்டேன். புல்லை முக்காலியில் உட்கார்ந்து கையால் பிடுங்குகிறேன். அவள் வேலியோரம் நின்று, "அந்த மூலையில ஒன்னு தப்பிச்சிருச்சு மாஸ்டர்" என்பாள். அவள் சரி என்று சொல்லும்வரை ஒவ்வொரு போகமும் ஒரு டின்னில் கொல்லை மண்ணைப் போட்டுச் சோதித்தோம். இந்தப் போகம்தான் சரி என்றாள். இலை விரிந்து நின்றது. அசுவினி வந்தது, தங்கவில்லை.

காய்ந்த நெற்றுகளை உடைத்து, சாம்பல் கலந்து, இரண்டு போத்தல்களில் நிரப்பினாள். ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வீட்டில் போனால் மற்ற வீட்டில் இருக்கட்டும் என்றாள். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப்போய் மனைவியிடம் கொடுத்தாள்.

"நீங்க வச்சுக்கங்க அக்கா. மாஸ்டருக்குத் தொட்டுப் பாக்க மட்டும் குடுங்க."

இப்போது அது எங்கள் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. தொட்டுப் பார்க்கவும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.